கண்ணுக்கு வைத்த பஞ்சாயத்து

மீனில் எத்தனை ரகம் உண்டோ, மனுஷனில் அதைவிட ஒன்று கூடுதல். அந்தக் கூடுதல் ஒன்றைத்தான் இப்போது கூடையோடு கவிழ்த்து உங்கள் முன்னால் கொட்டப் போகிறோம். அதன் பெயர் 'எதுக்கும் இன்னொருத்தரைக் கேட்டுப் பாப்போம்'. இது வலையில் சிக்காது, தூண்டிலில் மாட்டாது. ஆனால் டீக்கடை, பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி வாசல், மருந்துக் கடைப் படிக்கட்டு என்று நாலு வாய் கூடுகிற இடத்திலெல்லாம் கூட்டம் கூட்டமாகக் கிடைக்கும்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். இந்த ரகம் தர்பூசணி வாங்கப் போனால் கடைக்காரனைத் தட்டிக் காட்டச் சொல்லும், பிறகு தானும் தட்டும், பக்கத்தில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கிற அம்மாவையும் ஒரு தட்டுத் தட்டச் சொல்லும், வீட்டுக்குப் போகிற வழியில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் நீட்டும், பழம் அடி தாங்காமல் தானே பிளந்துகொண்டு 'நான் சிவப்புதானப்பா, விடு' என்று பல்லைக் காட்டும். பொன்னேரி பஸ்தானா என்று டிரைவரைக் கேட்டு, கண்டக்டரைக் கேட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற கைக்குழந்தையையும் கேட்டு முடிப்பதற்குள் அந்த பஸ் பொன்னேரிக்குப் போய்த் திரும்பி வந்துவிடும்.

இதெல்லாம் ஜாக்கிரதை என்று நினைத்தீர்களா? ஏமாந்தீர்கள். இந்த ரகம் தெரியாமல் கேட்பதில்லை. தனக்கு வேண்டிய பதிலை மடியில் முடிந்துகொண்டுதான் வீட்டைவிட்டே கிளம்பும். அதே பதிலைச் சொல்கிற வாய் கிடைக்கிற வரைக்கும் நடக்கும். கிடைத்த இடத்தில் நின்றுவிடும். பிடித்த பதிலுக்கு மேல் இன்னொருத்தரைக் கேட்டதாகச் சரித்திரமே கிடையாது.

நம்பிக்கை இல்லாவிட்டால் பழவேற்காட்டுப் பக்கம் வாருங்கள். கோட்டைக்குப்பத்தில் செங்கல்வராயன் என்று ஒருத்தர் இருக்கிறார். ஐம்பத்துநாலு வயசு. இந்த ரகத்துக்கே அவர்தான் தலைமை ஆபீஸ்.

செங்கல்வராயனுக்குச் சொத்து என்று சொல்லிக்கொள்ள இருந்தது ரெண்டு கண். ஊர் முழுக்க அந்தக் கண்ணுக்குப் பேர் இருந்தது. ஏரியில் வலை போடப் போகும்போது படகின் முனையில் நிற்பவர் அவர்தான். மடவை மீன் கூட்டமாக வந்தால் ஒன்றிரண்டு தண்ணீருக்கு மேல் துள்ளும். அந்தத் துள்ளலைப் பார்த்து, கூட்டம் எந்தப் பக்கம் போகிறது, எத்தனை பெரிசு, அதில் எத்தனை மீனுக்கு நேற்று வயிற்றுப்போக்கு என்பதுவரை சொல்லிவிடுவார் என்று பேச்சு. காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வருகிற கப்பலின் மேல்தட்டில் நிற்பவன் சட்டையில் எத்தனை பித்தான் என்று இங்கே கரையில் நின்றே சொல்லுவார். போய் எண்ணிப் பார்த்தவன் எவனும் இல்லாததால் அவர் கணக்கு இதுவரை தப்பியதே இல்லை.

அப்படிப்பட்ட கண்ணைச் சுற்றி ஒரு வருஷமாக உலகம் மரியாதை கெட்டுப் போயிருந்தது. அதாவது, உலகத்தின் ஓரங்கள். வீட்டு வாசல் நிலைப்படி திடீரென்று வந்து அவர் இடது தோளில் இடித்தது. இறால் கூடைகள் தாமாகவே நகர்ந்து வந்து அவர் காலில் விழுந்தன. நின்றுகொண்டிருந்த ஆட்டோ ஒன்று வேண்டுமென்றே அவர்மேல் வந்து மோதியது. எல்லாமே இடது பக்கத்திலிருந்து, எல்லாமே சத்தம் போடாமல். செங்கல்வராயன் விடுவாரா? நிலைப்படியைத் திட்டினார், கூடைக்காரியைத் திட்டினார், ஆட்டோவுக்குள் தூங்கிக்கொண்டிருந்தவனை எழுப்பித் திட்டினார். 'நேரா வரத் தெரியாதா?' என்று ஒரு வெள்ளாட்டிடம் அவர் கேட்டதை ஊரே பார்த்தது. 

இந்த நிலைமையில்தான் பழவேற்காடு பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் முகாம் வந்தது. முகாமுக்குப் போனது அவரில்லை, அவர் வீட்டுக்காரி லோகநாயகி. கண்ணாடி வாங்கப் போனாள். துணைக்குப் போனவர், நாற்காலி காலியாக இருக்கிறதே என்று உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் கண்ணில் நர்ஸ் சொட்டு மருந்தை விட்டு, மோவாயைப் பிடித்து, ஒரு மிஷினுக்குள் தலையை நுழைத்துவிட்டாள். நாற்காலி ஆசைக்கு எத்தனையோ பேர் பலியாகியிருக்கிறார்கள், இவர் மட்டும் தப்பிக்க முடியுமா?

டாக்டரம்மா சின்ன வயசு. ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்:

"ஐயா, உங்க கண்ணுல பிரஷர் ஜாஸ்தியா இருக்கு. குளுக்கோமாவா இருக்கலாம். அது ஓரத்துப் பார்வையைத்தான் மொதல்ல சாப்பிடும். போன பார்வை திரும்பாது, ஆனா மிச்சத்தைக் காப்பாத்திடலாம். நான் சொல்றதை மட்டும் நம்பாதீங்க, பட்டணத்துல பெரிய கண்ணாஸ்பத்திரியில பார்வையை அளக்குற ஃபீல்டு டெஸ்ட் எடுத்து இன்னொரு டாக்டர்கிட்டயும் கேட்டுக்கங்க."

சீட்டு எழுதிக் கொடுத்தாள். பத்து நாளைக்குள் போக வேண்டும் என்று அடியில் கோடும் போட்டாள்.

பாருங்கள் வேடிக்கையை. வாழ்நாள் முழுக்க இன்னொருத்தரைக் கேட்கிற மனுஷனிடம், அவர் வாழ்க்கையிலேயே முதல் முறையாக, ஒருத்தி படித்துப் பட்டம் வாங்கிவிட்டு வந்து 'இன்னொருத்தரைக் கேளுங்க' என்று கெஞ்சிச் சொல்கிறாள். கேட்டாரா? கேட்டார். ஆனால் பெரிய ஆஸ்பத்திரியைத் தவிர மிச்ச உலகம் முழுவதையும் கேட்டார். சீட்டு நேராக வீட்டுக்குப் போய்க் காலண்டருக்குப் பின்னால் ஏறிக்கொண்டது.

"இருக்கலாம்னுதானே சொன்னா? இருக்கலாம்னா இல்லாமலும் இருக்கலாம்" என்றார் லோகநாயகியிடம்.

"அப்ப நீ நாளைக்குச் சோறு இருக்கலாம்னு நெனச்சிகினு வா" என்றாள் லோகநாயகி.

முதல் இன்னொருத்தர், பாலத்தருகே டீக்கடை வைத்திருக்கும் ராபர்ட். ராபர்ட்டின் கடையில் டீ சுமார். ஆனால் வைத்தியம் பிரமாதம். முழங்கால், மூலம், மருமகள் தொல்லை எல்லாவற்றுக்கும் ஒரு கிளாஸ் டீ குடிக்கிற நேரத்தில் வழி சொல்லி விடுவார். கண்ணில் பிரஷர் என்றதும் ராபர்ட் கொஞ்சமும் அசரவில்லை. பிரஷர் என்றால் உப்பு, உப்பு என்றால் கருவாடு, ஆகவே கருவாட்டை நிறுத்தினால் கண் பிரஷர் தானாக இறங்கிவிடும் என்று ஜோடித்துக் கொடுத்தார். பிறகு பரீட்சை. செங்கல்வராயன் மூக்குக்கு நேராக மூன்று விரலை நீட்டி, "எத்தினி?" என்றார்.

"மூணு. நடு வெரல்ல நகம் வெட்டல."

"முடிஞ்சுது அண்ணாத்தே. கண்ணு கண்ணாடி மாரி கீது."

இந்த விரல் பரீட்சை ஊரில் தீப்போலப் பரவியது. அடுத்த நாலு நாளில் கோட்டைக்குப்பத்தில் விரல் உள்ளவர் எல்லாம் டாக்டர் ஆனார்கள். வழியில் பார்க்கிறவன் எல்லாம் நிறுத்தி விரலை நீட்டினான். ரெண்டு, நாலு, ஒன்று, அஞ்சு. எல்லாவற்றையும் செங்கல்வராயன் சரியாகச் சொன்னார். ஒருத்தன் அந்திப் பொழுதில் முப்பது அடி தள்ளி நின்று ஒற்றைச் சுண்டுவிரலைக் காட்டினான், அதையும் சொன்னார். எல்லா விரலும் மூக்குக்கு நேராகவே நீண்டது என்பதை யாராவது கவனித்தார்களா? ஓரமாக ஒரு விரலை நீட்டலாமே என்று ஒரு ஜென்மத்துக்காவது தோன்றியதா? தோன்றாது. பரீட்சை வைக்கிறவர்களுக்கும் பாஸ் மார்க் போடத்தான் ஆசை.

இந்தத் தீர்ப்பெல்லாம் லோகநாயகியிடம் செல்லாததால் அடுத்த இன்னொருத்தர், ஞாயிற்றுக்கிழமை ஏரி பார்க்க வருகிற கூட்டத்துக்குக் கூலிங்கிளாஸ் விற்கிறவன். கண்ணுக்கு நோயே கிடையாது, களைப்புதான், கறுப்புக் கண்ணாடி போட்டால் ஓய்வு கிடைக்கும் என்றான். அவன் வேறென்ன சொல்வான், வேட்டி கட்டு என்றா சொல்வான்? செங்கல்வராயன் போட்டுக்கொண்டு மீன் ஏலம் நடக்கிற இடத்துக்குள் கம்பீரமாக நடந்து போய், ஐஸ் பெட்டி ஒன்றுக்குள் ஒரு காலை விட்டார். கண் களைப்பு தீர்ந்ததோ இல்லையோ, கால் நன்றாகக் குளிர்ந்தது.

அதற்கடுத்து படகேறிப் பசியாவரம் போனார். அங்கே அவருக்கு அத்தை முறையாகும் முத்தம்மாள், இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து சேற்றைத் துழாவிக் கையாலேயே இறால் பிடிக்கிறவள். கழுத்தில் மாட்டிய பையில் இறாலைப் போட்டுக்கொண்டே விஷயத்தைக் கேட்டாள். கண் எதுக்குடா என்று திருப்பிக் கேட்டாள். நாற்பது வருஷமாகத் தண்ணிக்குள் எதைப் பார்த்தேன், விரல்தான் எனக்குக் கண், பத்து கண் இருக்குது, இதில் ஒன்று ரெண்டு போனால் என்ன என்று சொல்லிவிட்டு அடுத்த இறாலைப் பிடித்தாள். செங்கல்வராயன் நெகிழ்ந்து போனார். இதுவும் தனக்குச் சாதகமான தீர்ப்பு என்று மனசுக்குள் குறித்துக்கொண்டார். முத்தம்மாளுக்குக் கண் வேண்டாம், சரி. படகு முனையில் நிற்கிறவர் மடவையைக் கையால் துழாவியா சொல்ல முடியும்? அதை அவர் கேட்கவில்லை. அவள் சொல்லவில்லை.

இப்படியே ஆறாம் நாளுக்குள் பதினோரு பேர் அவர் பக்கம். டாக்டரம்மா பக்கம் ஒரே ஒருத்தி, லோகநாயகி. ஆனால் அந்த ஒருத்தி சாமானியப்பட்டவளா? சோறு போடும்போது கேட்டாள், குழம்பு ஊற்றும்போது கேட்டாள், கையலம்பத் தண்ணீர் தரும்போது கேட்டாள். பதினோரு பேர் தீர்ப்பை ஒருத்தி வாய் தினமும் மூன்று வேளை ரத்து பண்ணியது.

கடைசியில் செங்கல்வராயன் ஒரு முடிவுக்கு வந்தார். அந்த முடிவை உலகத்தில் வேறு எந்த நோயாளியும் எடுத்திருக்க மாட்டான். கண்ணைப் பஞ்சாயத்தில் வைத்துவிட்டார்.

சிரிக்காதீர்கள். அந்த ஊருக்கு அது நியாயம். அவ்வளவு பெரிய ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை கட்டலாம் என்று ஊரே கூடி முறை வைத்துக்கொள்கிறார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். பாட்டில் தகராறு வந்தால் ரெண்டு கட்சியையும் நிற்க வைத்து, ரெண்டு பக்கமும் கேட்டு, கையைத் தூக்கச் சொல்லி எண்ணி, தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். தண்ணீரையே கோடு போட்டுப் பங்கு பிரித்த ஊருக்கு ரெண்டு கண் ஒரு பெரிய வழக்கா? அதுவும் செங்கல்வராயன் படகுக்கு நல்ல பாடு வரவிருந்தது. இன்னும் ஒன்பது நாள். மடவை ஓடுகிற இடம், வருஷத்துக்கு ஒரு தரம் கிடைக்கிற முறை. அதற்குள் ஊர் வாயாலேயே 'கண் நல்ல கண்' என்று சொல்ல வைத்துவிட்டால் லோகநாயகியும் அடங்குவாள், படகில் கூட வருகிறவர்களும் முணுமுணுக்க மாட்டார்கள். முணுமுணுத்தது முக்கியமாகச் சின்னதம்பி. படகில் அடுத்த ஆள். போன மாசம் இடது பக்கம் துள்ளிய மடவையைச் செங்கல்வராயன் ரெண்டு தரம் விட்டுவிட்டார் என்று அவன் சொன்னதாக ஒரு பேச்சு. படகு முனையை அவன் பிடித்துக்கொள்வானோ என்கிற பயம், கண் போகிற பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் கோயில் முன்னால் கூட்டம். தன் வழக்குக்குத் தானே வக்கீலாக நடுவில் எழுந்து நின்றார் செங்கல்வராயன். டாக்டரம்மா ஒரு கட்சி, நான் ஒரு கட்சி என்றார். பதினோரு பேர் சாட்சியைச் சொன்னார், கருவாடு நிறுத்தியதைச் சொன்னார், சுண்டுவிரலைச் சொன்னார். பிரமாதமான பேச்சு. கேட்டவர்களுக்குத் தங்கள் கண்மேலேயே சந்தேகம் வந்தது.

ஊர்த் தலைவர் முறை தெரிந்தவர். எதிர்க்கட்சி வராவிட்டால் அவர்களுக்காக ஒருத்தர் பேச வேண்டும், அதுதான் வழக்கம் என்றார். யார் பேசுவது என்று ஆண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருக்கையில், பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து லோகநாயகி குரல் வந்தது.

"டாக்டரம்மா கட்சிக்கு நான் பேசறேன். எட்டு நாளா இவருக்குத் தட்டுல எடப்பக்கம் மீன் வறுவலு வைக்கறேன். அப்டியே திரும்பி வருது. ஏன் வறுவலே வைக்கறதில்லன்னு எங்கிட்ட சண்ட வேற. எங்க வூட்டுப் பூனை இப்ப வாசப்படி தாண்ட முடியாம குண்டாயிடுச்சு. ஆளு எளைச்சிட்டாரு. அவ்ளோதான்."

கூட்டம் சிரித்து அடங்க நேரம் ஆயிற்று. செங்கல்வராயன் அசரவில்லை. வறுவலைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் கையை எண்ணுங்கள் என்றார். தலைவர் சரி என்றார், கைகளையும் வழக்குப் போட்டவரே எண்ணட்டும் என்றார். கண் நன்றாக இருக்கிறது என்பவர்கள் கை தூக்கச் சொன்னார். செங்கல்வராயன் நேராகப் பார்த்து, ஒன்று, ரெண்டு என்று சத்தமாக எண்ணினார். இருபத்துமூன்று.

அடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார். செங்கல்வராயன் நேராகப் பார்த்தார். ஒரு கையும் இல்லை. முகம் மலர்ந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஒருத்தரும் இல்ல. எழுதிக்கங்க."

  சின்னதம்பிதான் மெதுவாகச் சொன்னான்.

"அண்ணாத்தே. உனக்கு எடப்பக்கம் பதினேழு பேரு கை தூக்கிகினு கீறாங்க."

செங்கல்வராயன் திரும்பினார். அங்கே கைகள் தோப்புப் போல நின்றன. எல்லாம் பத்தடி தூரத்தில். முன்வரிசையில் ராபர்ட்.

"நீங்கல்லாம் எப்ப வந்தீங்க?"

"கூட்டம் ஆரம்பிச்சப்பலேர்ந்து இங்கதான் குந்திகினு கீறோம்" என்றார் ராபர்ட்.

"நீதானே கண்ணு கண்ணாடி மாரி கீதுன்னு சொன்னே?"

"அது கடையில சொன்னது. இது ஊர்க் கூட்டம்."

ஓரமாக உட்கார்ந்துகொண்டு தூக்குவதெல்லாம் ஒரு கையா, அது செல்லாது என்று செங்கல்வராயன் வாதாடிப் பார்த்தார். தலைவர் கையமர்த்தினார்.

"எண்ணிக்கைல நீதான் ஜெயிச்சே செங்கல்வராயா. இருபத்திமூணுக்குப் பதினேழு. ஆனா அந்தப் பதினேழைப் பாக்காம எண்ணினே பாரு, அங்க தோத்துட்டே. பெரிய ஆஸ்பத்திரி சீட்டோட வா. அதுவரைக்கும் படகு முனை சின்னதம்பிது."

ஓட்டில் ஜெயித்து வழக்கில் தோற்ற ஒரே மனுஷன் என்ற பெருமையோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தார். நிலைப்படி வழக்கம்போல இடது தோளில் ஒரு இடி கொடுத்து வரவேற்றது. அன்றைக்கு அதை அவர் திட்டவில்லை.

திங்கட்கிழமை காலை பொன்னேரிக்கு பஸ், அங்கிருந்து ரயில், பட்டணத்துப் பெரிய கண்ணாஸ்பத்திரி. வழியெல்லாம் இது அந்த ரயில்தானா என்று கேட்டுக்கொண்டே போனதைச் சொல்லத் தேவையில்லை. சீட்டு லோகநாயகியின் முந்தானை முடிச்சில் இருந்தது. அவர் கையில் கொடுத்தால் அது ரயிலிலிருந்து பறந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

டெஸ்ட் எடுக்கிற பெண் பெயர் ஹேமாவதி. இருட்டறை. கவிழ்த்த பெரிய சட்டி மாதிரி ஒரு மிஷின், உள்ளே எல்லாம் வெள்ளை. வலது கண்ணை மூடி, மோவாயை ஒரு தாங்கியில் வைத்து, கையில் ஒரு பித்தானைக் கொடுத்தாள். நடுவில் மஞ்சள் விளக்கு இருக்கிறது, அதை மட்டும் பாருங்கள், ஓரத்தில் எங்கேயாவது சின்ன வெளிச்சம் வந்து போகும், வந்தால் பித்தானை அமுக்குங்கள், கண்ணை மட்டும் அசைக்கக் கூடாது என்றாள்.

யாரிடம் சொல்கிறாள்? ஓரத்தில் எது துள்ளினாலும் கண்ணை அங்கே பாய்ச்சி, கூட்டம் எவ்வளவு என்று கணக்குச் சொல்லியே நாற்பது வருஷம் சாப்பிட்ட மனுஷனிடம். மிஷின் ஆரம்பித்ததுதான் தாமதம், கண் சட்டிக்குள் நாலா பக்கமும் ஓடியது. ஒரு வெளிச்சத்தையும் விடவில்லை, துரத்தித் துரத்திப் பிடித்தார். பித்தானை ஆட்டோ ஹாரன் போல அமுக்கினார். அது போதாதென்று "தெக்கால ஒண்ணு, கெழக்கால ரெண்டு" என்று ஹேமாவதிக்குச் சத்தமும் கொடுத்தார். ரெண்டு தரம் பழக்க தோஷத்தில் கையைத் தூக்கி வலையை வீசச் சொன்னார்.

முடிந்ததும் ஹேமாவதி தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். இந்த டெஸ்ட் செல்லாது, மிஷினே நம்ப மாட்டேன் என்று அடித்துக் கொடுத்திருக்கிறது, திரும்ப எடுக்க வேண்டும் என்றாள். செங்கல்வராயனுக்குப் பிடிபடாத சந்தோஷம். மிஷின் தோற்றுவிட்டது என்றார். வேண்டுமானால் இன்னொரு மிஷினைக் கேட்டுப் பார்க்கலாம் என்றும் பெருந்தன்மையாகச் சொன்னார்.

லோகநாயகி மூலையில் நின்றவள் பக்கத்தில் வந்தாள்.

"இன்னாய்யா, பாட்டுல வலையைக் கட்டிட்டுக் குந்திகினு இருப்பியே, மிதப்புக் கட்டையைப் பாத்துகினு. ஈ மொய்ச்சாலும் கண்ண எடுக்க மாட்டியே. அந்த மஞ்ச லைட்டுதான் மிதப்புன்னு நெனச்சிக்கோ. மீனு தானா வரட்டும்."

அது அவருக்குப் புரிகிற பாஷை. மோவாயை வைத்தார். மஞ்சள் விளக்கு மிதப்பாகியது. சட்டி ஏரியாகியது. கண் அசையவில்லை. நடுவில், மிதப்புக்குப் பக்கத்தில், ஒன்று துள்ளியது. அமுக்கினார். வலது பக்கம் இன்னொன்று. அமுக்கினார். பிறகு அமைதி. சரி, கூட்டம் இன்னும் வரவில்லை, தண்ணீர் ஏறட்டும் என்று காத்திருந்தார். இடது பக்கம் ஏரி இம்மியும் ஆடவில்லை. மடவை வரும், அவசரப்படக் கூடாது. காத்திருந்தார். ரொம்ப நேரம் காத்திருந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல் கேட்டார்.

"ஏம்மா, எப்ப ஆரம்பிப்பே?"

"முடிஞ்சிடுச்சுங்க ஐயா."

"எடப்பக்கம் ஒண்ணுகூடத் துள்ளலியே."

"துள்ளிச்சுங்க. அந்தப் பக்கம் மட்டும் முப்பது வாட்டி துள்ளிச்சு."

செங்கல்வராயன் மோவாயை எடுக்கவில்லை. நிஜமா என்று கேட்கவில்லை. லோகநாயகியைக் கேட்கவில்லை, வாசலில் நின்ற வாட்ச்மேனைக் கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பதிலை ஒரே வாயில் கேட்டு அப்படியே வைத்துக்கொண்டார். இடது கையை மட்டும் ஓரமாக நீட்டித் துழாவினார், பசியாவரத்து முத்தம்மாளைப் போல. லோகநாயகியின் புடவை கையில் பட்டது. அவள் அங்கேதான் நின்றிருந்தாள்.

பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, முகாம் டாக்டரம்மா சொன்னதையே சொன்னார், 'இருக்கலாம்' மட்டும் இல்லாமல். இடது கண்ணில் பாதிக்கு மேல் போய்விட்டது, வலது கண்ணில் இப்போதுதான் ஆரம்பம், இன்னும் கொஞ்ச நாள் ஊரில் விரல் எண்ணிக்கொண்டிருந்தால் அதுவும் போயிருக்கும். தினமும் தவறாமல் சொட்டு மருந்து, ஆயுசு முழுக்க. மிச்சம் இருப்பது மிஞ்சும்.

திருந்திவிட்டாரா? என்ன கேள்வி இது, ரகம் மாறுமா? தினமும் சாயங்காலம் சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறார். விட்டதும், சொட்டு உள்ளே விழுந்துச்சா என்று லோகநாயகியைக் கேட்பார். எதுக்கும் இருக்கட்டும் என்று பக்கத்து வீட்டையும் கேட்பார். பூனையையும் ஒரு பார்வை பார்ப்பார். ராபர்ட் கடையில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களை நிறுத்தி அவர்கள் காதுக்குப் பக்கத்தில் விரலை நீட்டி எத்தினி என்று கேட்கிறார். இப்போது ஊரில் அவர் கண் டாக்டர்.

பாடு வந்த அன்றைக்குப் படகு முனையில் ரெண்டு பேர் நின்றார்கள். இடது பக்கம் சின்னதம்பி, வலது பக்கம் செங்கல்வராயன். தலைவர் தீர்ப்பு அது. காலையில் சின்னதம்பி "எடப்பக்கம் மடவை" என்றான். செங்கல்வராயன் நிஜமாவா என்றார், பின்னால் இருப்பவனையும் பார்க்கச் சொன்னார். மூன்று பேரும் ஒப்புக்கொண்டபோது மடவை ஆந்திரா எல்லையைத் தாண்டிவிட்டது. மீன் ரெண்டாவது கருத்துக்கு நிற்காது.

கொஞ்ச நேரத்தில் சின்னதம்பி மறுபடியும் சொன்னான். செங்கல்வராயன் இடது பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. மிதப்பைப் பார்க்கிற கண்ணோடு நேராகப் பார்த்தபடி கையை வீசினார். வலை இறங்கியது. ஏற்றும்போது படகு ஒரு பக்கம் சாய்ந்தது. எத்தனை மீன் என்று அவர் சொல்கிற கணக்கை நம்பாதீர்கள், ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் நூறு கூடுகிறது. அன்றைக்கு லோகநாயகி வறுவலைத் தட்டின் வலது பக்கம் வைத்தாள் என்பதும், பூனை அதற்கப்புறம் இளைத்து வாசப்படி தாண்டியது என்பதும் மட்டும் உண்மை.

சரி, நீங்கள் எதற்கு இவ்வளவு பெரிசாகச் சிரிக்கிறீர்கள்? நல்ல வேளை, நான் இந்த ரகம் இல்லை என்றுதானே? இருக்கட்டும். உங்கள் வீட்டுக் காலண்டருக்குப் பின்னால் எந்த டாக்டர் சீட்டும் இல்லை, எங்களுக்குத் தெரியும். அடியில் கோடு போட்டது மாதிரி எதுவும் நிச்சயமாக இல்லை. ஆனால் இதை வாசித்ததும், 'ஏம்ப்பா, நான் அப்படியா?' என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கலாம் என்று உங்கள் வாய் லேசாகத் திறக்கிறதே, அதை அப்படியே நிறுத்துங்கள். தலையைத் திருப்ப வேண்டாம். கண்ணை இந்த வரியிலேயே வையுங்கள். உங்களுக்கு இடது பக்கம் ஒருத்தர் ரொம்ப நேரமாகக் கை தூக்கிக்கொண்டு நிற்கிறார்.

எத்தனை விரல்?